முடியாது என்று சொல்ல ஓர் இடம்

அக்கா வீட்டில் சமையலறையை உடைத்துப் போட்டு ஐந்து வாரம் ஆகிறது. ஈசூனில் நான்கறை வீவக வீடு. மூன்றே வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று புதுப்பிப்புக் குத்தகையாளர் சொல்லியிருந்தார். இன்னும் கூடத்தில்தான் சமையல். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் சோற்றுப் பானை, சோபாவுக்கு அருகில் மின்னடுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனபோது அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“நீயும் இத்தன வருஷம் கட்டுமானத்துலதானே இருந்த? ஒங்க ஆளுங்க ஏன்டா இப்படி? ஒவ்வொரு வாரமும் கேட்டா ‘கேன், கேன்’னு சொல்றாரு. வந்து பாத்தா ஒண்ணுமே நடந்திருக்காது.”

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் ரயிலில் வீடு திரும்பும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது. அந்த ‘கேன்’ என்ற சொல்லை நானும் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். அதில் ஒருமுறை, நான் சொன்னதற்கு வேறொருவர் விலை கொடுத்தார்.

பல ஆண்டுகளுக்கு முந்திய கதை. தீவின் மேற்கே ஒரு கூட்டுரிமை வீட்டுத் திட்டம். நான் கட்டுமானத் தள மேற்பார்வையாளர். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கொள்கலன் அலுவலகத்தில் வாராந்தரக் கூட்டம் நடக்கும். திட்ட மேலாளர் சுவரில் ஒட்டிய அட்டவணையைப் பேனாவால் தட்டிக் கேட்பார். “ஏழாம் மாடித் தளம். வியாழக்கிழமை கான்கிரீட். கேன்?”

வரிசையாகப் பதில் வரும். கம்பி கட்டும் குழு, கேன். மின்குழாய் பதிப்பவர்கள், கேன். சென்டரிங் அடிக்கும் குழுவின் தலைவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தனியாக இருக்கும்போது அவர் எனக்கு ‘அண்ணே’, நான் அவருக்குத் ‘தம்பி’. கூட்டத்தில் மட்டும் நான் ‘சார்’. அன்று அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு, “சரி சார்” என்றார்.

அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். ஆறாம் மாடித் தளத்துக்குக் கொடுத்திருந்த முட்டுகளைக் கழற்றும் நாள் இன்னும் வரவில்லை. ஏழாம் மாடிக்குக் கேட்டிருந்த கூடுதல் முட்டுகளும் வந்து சேரவில்லை. வியாழக்கிழமை முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கான்கிரீட் லாரிகளுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. நானும் வாயைத் திறக்கவில்லை.

முட்டுகள் புதன்கிழமை மாலைதான் வந்தன. அன்று இரவு விளக்கு வெளிச்சத்தில் வேலை நடந்தது. படிக்கட்டுக்காக விட்டிருந்த திறப்பைச் சுற்றித் தடுப்புக் கட்ட நேரமில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். ஊரிலிருந்து வந்து நான்கு மாதம்கூட ஆகாத இளைஞர் ஒருவர், பலகையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தவர், அந்தத் திறப்பு வழியாகக் கீழ்த்தளத்தில் விழுந்தார். உயிர் தப்பியது. இடுப்பெலும்பு முறிந்து, மாதக்கணக்கில் மருத்துவம் பார்த்து, ஊன்றுகோலுடன் ஊருக்குப் போனார்.

ஏழாம் மாடித் தளம் வியாழக்கிழமை போடப்படவில்லை. அடுத்த வாரமும் போடப்படவில்லை. எங்கள் நிறுவன அறிக்கையில் ‘ஊழியரின் கவனக்குறைவு’ என்று ஒரு வரி இருந்தது. அதன் கீழே கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

பாதி வாக்குறுதிகள்

சில ஆண்டுகள் கழித்து, கட்டுமான நிர்வாகம் பற்றிய மாலை நேர வகுப்பில் சேர்ந்தேன். சம்பள உயர்வுக்காகத்தான். அங்கேதான் இந்தத் துறையை எப்படி மேம்படுத்துவது என்று உலகில் பலர் உட்கார்ந்து ஆராய்ந்துகொண்டிருப்பதே எனக்குத் தெரிய வந்தது.

பின்லாந்தைச் சேர்ந்த லவுரி கொஸ்கெலா 1992ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஓர் அறிக்கை எழுதினார். செங்கல் சுவராகிறது, கம்பியும் கான்கிரீட்டும் தூணாகின்றன என்று, ஒன்றை இன்னொன்றாக மாற்றும் வேலையை மட்டுமே நாம் கட்டுமானம் என்று கணக்கெடுக்கிறோம். பொருள் வந்து வெயிலில் கிடப்பது, முன்வேலை முடியட்டும் என்று ஆட்கள் காத்து நிற்பது, கட்டியதை உடைத்து மறுபடி கட்டுவது ஆகியவற்றை யாரும் எண்ணுவதில்லை. நேரமும் பணமும் போகும் ஓட்டை அங்கேதான் இருக்கிறது என்றார் அவர்.

அதே பத்தாண்டில் அமெரிக்காவில் கிளென் பல்லார்ட், கிரெக் ஹவல் என்ற இருவர் இன்னும் எளிமையான ஒரு வேலை செய்தார்கள். ‘இந்த வாரம் இவற்றை முடிப்போம்’ என்று வாரத் தொடக்கத்தில் எழுதிய வேலைகளில், வாரக் கடைசியில் எத்தனை முடிந்திருக்கின்றன என்று தளம் தளமாகப் போய் எண்ணினார்கள். சராசரியாக நூற்றுக்கு 54.

வகுப்பில் அந்த எண்ணைக் கேட்டதும் சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது எங்கள் தளத்தின் கணக்கு மாதிரியே இருந்தது. முடியாமல் போனதற்கான காரணங்களையும் அவர்கள் குறித்து வைத்தார்கள். சோம்பல் அதில் பெரிய இடம் பிடிக்கவில்லை. பொருள் வரவில்லை, முன்வேலை முடியவில்லை, வரைபடம் தெளிவாக இல்லை. தொடங்கவே முடியாத வேலையைத் தொடங்குவதாக ஒருவர் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குக் கொஸ்கெலா ஒரு கணக்குச் சொல்கிறார். கட்டுமானத்தில் ஒரு வேலை தொடங்க ஏழு விஷயங்கள் கைக்கு வர வேண்டும். வரைபடம், பொருள், ஆள், கருவி, இடம், முடிந்த முன்வேலை, பிறகு வானிலை, அனுமதி போன்ற வெளிச் சூழல். ஒவ்வொன்றும் நேரத்துக்கு வந்துவிட நூற்றுக்கு 95 வாய்ப்பு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் பிரமாதம். ஆனால் ஏழும் ஒன்றாக வந்து சேர நூற்றுக்கு 70தான் வாய்ப்பு. 0.95ஐ ஏழு முறை பெருக்கிப் பாருங்கள். எல்லாரும் நல்லவர்களாக, உழைப்பாளிகளாக இருந்தாலும் பத்தில் மூன்று வேலை தடுமாறும்.

இதற்குப் பல்லார்ட் சொன்ன வழிக்குக் ‘கடைசித் திட்டமிடுபவர்’ முறை என்று பெயர் சொல்லலாம். நாளைக் காலை இந்த ஆட்கள் இந்த வேலையைச் செய்வார்கள் என்று கடைசியாக முடிவு செய்பவர் யார்? தலைமையகத்தில் அட்டவணை போடுபவர் அல்ல. எங்கள் அண்ணன் மாதிரி குழுத் தலைவர்தான். அட்டவணையில் இருப்பது ‘செய்ய வேண்டியது’. கையில் எல்லாம் வந்து சேர்ந்தது ‘செய்ய முடிந்தது’. அதிலிருந்து மட்டும் எடுத்து அவர் ‘செய்வேன்’ என்று வாக்குக் கொடுக்க வேண்டும். வாரக் கடைசியில் ‘செய்து முடித்ததை’ அதனுடன் ஒப்பிட வேண்டும்.

கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் இதற்குள்ளே ஒரு பெரிய நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ‘முடியாது’ என்று அவர் சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முடியாது என்று சொல்ல வழியில்லாதவர் சொல்லும் ‘முடியும்’ என்ற சொல்லுக்கு மதிப்பில்லை.

கேட்காத சத்தம்

நம் ஊரில் இதன் விலை என்ன என்பதற்கு நிக்கல் நெடுஞ்சாலை இருக்கிறது. 2004 ஏப்ரல் 20, பிற்பகல் மூன்றரை மணி. வட்ட ரயில் பாதைக்காகத் தோண்டிய முப்பது மீட்டருக்கும் ஆழமான பள்ளம் சரிந்து, பக்கத்தில் இருந்த சாலையும் உள்ளே போனது. நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர், தம் ஆட்களை வெளியேற்றிய ஒரு ஃபோர்மன்.

பள்ளத்தின் சுவர்களைத் தாங்கிய உருக்குச் சட்டங்களின் இணைப்பை வடிவமைத்ததிலேயே பிழை இருந்தது. விசாரணைக் குழு அதைச் சொன்னது. கூடவே இன்னொன்றும் சொன்னது. எச்சரிக்கைகள் முன்கூட்டியே வந்திருந்தன, அவற்றுக்கு உரிய மதிப்புக் கொடுக்கப்படவில்லை. விபத்து நடந்த நாள் காலையிலேயே அந்தச் சட்டங்களிலிருந்து சத்தம் கேட்டிருக்கிறது. வேலை தொடர்ந்தது.

அதன் பிறகு நிறைய மாறியது. 2006ல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்புக்கு வந்தது. கட்ட எளிதான வடிவமைப்பு வேண்டும் என்ற விதி அதற்கு முன்பே, 2001லிருந்து இருக்கிறது. இப்போது அறைகளையே தொழிற்சாலையில் செய்து, லாரியில் ஏற்றி வந்து, பெட்டி அடுக்குவது போல அடுக்குகிறார்கள். நல்லதுதான். உயரத்தில் நடக்கும் வேலை குறைகிறது. ஆனால் பெட்டி வரும் நாளும் பாரந்தூக்கி வரும் நாளும் மாதங்களுக்கு முன்பே குறிக்கப்பட்டுவிடுவதால், ‘அன்றைக்கு முடியாது’ என்று சொல்வது முன்னைவிடக் கடினமாகிவிட்டது.

2022ல் சிங்கப்பூரில் 46 பேர் வேலையிடங்களில் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அரசாங்கம் ‘உயர்நிலைப் பாதுகாப்புக் காலகட்டத்தை’ நடப்புக்குக் கொண்டு வந்தது. அடுத்த ஆண்டு எண்ணிக்கை 36ஆகக் குறைந்தது. கண்டிப்பு பலன் தரும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கண்டிப்பு மேலிருந்து கீழே வருவது. ‘முடியாது’ என்ற சொல் கீழிருந்து மேலே போக வேண்டும். நம் ஆட்களுக்கு அது எவ்வளவு கனமான சொல் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் பலருக்கும் தெரியும். முகவருக்குக் கொடுக்கக் கடன் வாங்கி வந்தவர், வேலை அனுமதி முதலாளியின் கையில் இருப்பவர், அடுத்த மாதம் தங்கைக்குக் கல்யாணம் வைத்திருப்பவர், எந்தத் தைரியத்தில் கூட்டத்தில் எழுந்து முடியாது என்பார்?

நாற்பது முட்டுகள்

வகுப்பு முடிந்த பிறகு வேறொரு தளத்தில் இதைச் செய்து பார்த்தேன். மேலாளர் இளையவர், “டிரை பண்ணுங்க” என்றார். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. இந்த வார வாக்குறுதிகள், முடிந்தவை, முடியாததற்குக் காரணம் என்று மூன்று பத்தி. முதல் வாரம் பாதிகூடத் தேறவில்லை. இரண்டாம் வாரமும் எல்லாரும் கேன், கேன் என்றார்கள்.

மூன்றாம் வாரம்தான் எனக்குப் புத்தி வந்தது. கேள்வியே தப்பு. முடியுமா என்று கேட்டால் முடியும் என்றுதான் பதில் வரும். அந்தத் தளத்திலும் சென்டரிங் குழுத் தலைவர் அதே புதுக்கோட்டை அண்ணன்தான். அவரிடம், “முட்டு எத்தனை குறையுது?” என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நாப்பது குறையுது சார். வியாழன் முடியாது. சனிக்கிழமை காலைல போடலாம்” என்றார்.

அறை அமைதியானது. எல்லாரும் மேலாளரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்துக் கான்கிரீட் ஆலையை அழைத்து நாளை மாற்றினார். சனிக்கிழமை காலை தளம் போடப்பட்டது. யாரும் விழவில்லை. அன்று நடந்ததில் செய்தி என்று சொல்ல ஒன்றுமே இல்லை. மதியம் அண்ணன் எனக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

இது வெற்றிக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். எட்டு மாதம் கழித்து அந்த மேலாளர் வேறு திட்டத்துக்கு மாறிப் போனார். புதிதாக வந்தவருக்கும் அந்தப் பலகை பிடித்திருந்தது. யார் எத்தனை வாக்குத் தவறினார்கள் என்று பார்த்துத் திட்டுவதற்கு அதைப் பயன்படுத்தினார். இரண்டே வாரத்தில் மறுபடி எல்லாரும் ‘கேன்’ சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதே பலகை, அதே ஆட்கள்.

நேற்று அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். “எப்ப முடியும்னு கேக்காதே. இன்னும் என்னென்ன வந்து சேரலைன்னு கேளு” என்றேன். சாயங்காலமே திரும்ப அழைத்தார். மேடைக் கல்தான் பாக்கியாம். கீழ் அலமாரி பொருத்திய பிறகுதான் கல்லுக்கு அளவெடுக்க முடியும், வெட்டி வரப் பத்து நாள் ஆகும், அது எப்போதும் அப்படித்தான் என்று குத்தகையாளர் பொறுமையாக விளக்கியிருக்கிறார்.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே! நான் அதுக்குத் தகுந்த மாதிரி ஏற்பாடு பண்ணியிருப்பேனே” என்றார் அக்கா.

“ஆறு வாரம் ஆகும்னு மொதல்லயே சொல்லியிருந்தா, வேலைய அவருக்குக் குடுத்திருப்பியாக்கா?”

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அக்கா, கூடத்தில் சாம்பார் கொதிக்கிறது என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.