நில்... கவனி... அப்புறம்தான் செல்!

2018 அக்டோபர் 12. நள்ளிரவு தாண்டித் திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், மேலே எழும்பும்போது விமான நிலையச் சுற்றுச்சுவரில் இடித்துவிட்டது. உள்ளே 136 பேர். தரையிலிருந்து கேட்டபோது, ‘எல்லாம் சரியாகவே இருக்கிறது’ என்றுதான் விமானிகள் சொன்னார்கள். விமானம் தொடர்ந்து பறந்தது. பிறகுதான் மும்பைக்குத் திருப்பினார்கள். இறங்கிய பிறகு பார்த்தால், அடிப்பகுதியில் கிழிசல்! நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட்டுகளும் இப்படித்தான், இடித்ததே தெரியாமல் போய்க்கொண்டிருக்கும். ஸ்கிரிப்ட் என்பது, ‘இதைச் செய், அடுத்து அதைச் செய்’ என்று வரிவரியாக எழுதிக் கொடுக்கும் வேலைப் பட்டியல். லினக்ஸில் புழங்கும் ஷெல் ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி தோற்றாலும் வேலை நிற்காது. அடுத்த வரிக்குத் தாவிவிடும்.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒருவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஸ்கிரிப்ட்டில் இரண்டே வரிகள். ஒன்று, கல்யாணப் படங்களை வெளி டிஸ்க்குக்கு காப்பி செய். இரண்டு, கம்ப்யூட்டரில் இருப்பதை அழி. ஒருநாள் டிஸ்க் நிரம்பிவிட, முதல் வரி தோற்கிறது. இரண்டாவது வரி சமர்த்தாகத் தன் வேலையை முடித்துவிடுகிறது. தாலி கட்டிய படத்தை இனி எங்கே தேடுவது?

இதற்கு மருந்து, ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் ‘செட் மைனஸ் ஈ’ என்று ஒரு வரி. ஏதாவது கட்டளை தோற்றால், அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். பள்ளிக்கூடத்தில் சைபர் வாங்கினால் ஃபெயில். இங்கே சைபர்தான் பாஸ்! வேறு எந்த எண் வந்தாலும் கோளாறு.

பைத்தான் மொழி இதற்கு நேர்மாறு. பிழை வந்தால் தானாகவே நின்றுவிடும். ஆனால், ‘ட்ரை - எக்செப்ட்’ போட்டுப் பிழையைப் பிடித்துவிட்டு, எதுவும் செய்யாமல் விடுகிறவர்கள் உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை ஒளித்துவைப்பது மாதிரிதான் இது. பிடித்த பிழையைப் பதிவு செய்யுங்கள். சரிசெய்ய முடியாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

நிறுத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. 2024 அக்டோபர் 11 மாலை, அதே திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. இந்த முறை விமானிகளுக்கு அது உடனே தெரிந்தது. பயணத்தைத் தொடரவில்லை, அவசரப்பட்டு இறங்கவும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானில் வட்டமடித்து, எரிபொருளைக் குறைத்து, திருச்சியிலேயே பத்திரமாகத் தரையிறக்கினார்கள்.

பைத்தானில் ‘ஃபைனலி’ என்ற பகுதி இதற்காகத்தான். பிழை வந்தாலும் வராவிட்டாலும், திறந்த ஃபைலை மூடுவது, பாதியில் கிடக்கும் தற்காலிக ஃபைலை அகற்றுவது போன்ற வேலைகளை அங்கே எழுதலாம்.

உங்கள் ஸ்கிரிப்ட்டில் ‘அழி’ என்ற வரி இருக்கிறதா? அதற்கு முந்தைய வரி தோற்றால் என்ன ஆகும் என்று இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.