படம் அழகு, பட்டறை எங்கே?

வார இறுதியில் பேரங்காடிகளுக்குப் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். முன்பெல்லாம் துணிமணி மலிவு விற்பனை நடந்த நடுக்கூடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. பல கார்களின் பெயர் சில ஆண்டுகளுக்கு முன் நாம் கேள்விப்பட்டே இராதவை. சில முழு மின்சாரக் கார்கள். சில 'பிளக்-இன் ஹைபிரிட்', அதாவது வீட்டில் மின்னூட்டம் செய்து ஓட்டலாம், மின்சாரம் தீர்ந்தால் பெட்ரோல் கைகொடுக்கும். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து பார்க்கிறார்கள். இளைஞர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்து மேசையில் முன்பதிவுப் படிவம் தயாராக இருக்கிறது.

"புதிய நிறுவனத்தின் காரை நம்பி வாங்கலாமா?" என்று அண்மைக் காலமாகப் பலர் கேட்கிறார்கள். நான் கார் நிபுணன் அல்லன். ஆனால் ஒரு காரின் கதை தெரியும். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஹென்ரிக் ஃபிஸ்கர் டென்மார்க்கில் பிறந்த கார் வடிவமைப்பாளர். பிஎம்டபிள்யூ இசட்8 அவர் கைவண்ணம். ஆஸ்டன் மார்ட்டின் டிபி9 காரிலும் அவருக்குப் பங்கு உண்டு. 2007-இல் கலிபோர்னியாவில் தம் பெயரிலேயே ஒரு கார் நிறுவனத்தை அவர் தொடங்கினார். 2008 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் தம் முதல் காரை நிறுத்தினார். பெயர் 'கர்மா'. வினைப்பயன் என்று நமக்குத் தெரிந்த அதே சொல்தான்!

அழகில் அந்தக் காருக்கு இன்றும் ஈடு குறைவு. ஏறக்குறைய 5 மீட்டர் நீளம், தரையோடு ஒட்டிய தாழ்வான உடல், 22 அங்குலச் சக்கரங்கள், கூரை முழுக்கச் சூரியசக்தித் தகடு. உள்ளே பொருத்திய மரத்துக்காக ஒரு மரத்தையும் வெட்டவில்லை, ஏரியில் மூழ்கியதும் காட்டுத்தீயில் விழுந்ததுமான மரங்களையே எடுத்தோம் என்றார்கள். விலங்குத் தோலே இல்லாத ஒரு வகையும் இருந்தது. பணக்காரராகவும் இருக்கலாம், பூமியை நேசிப்பவராகவும் இருக்கலாம் என்று அந்தக் கார் சொல்லாமல் சொன்னது. அந்த ஆசைக்கு அன்று நல்ல விலை இருந்தது.

2011 ஜூலையில் முதல் கார்கள் வாடிக்கையாளர் கைக்குப் போனபோது, நடிகர் லியனார்டோ டிகாப்ரியோ முதலில் பெற்றவர்களுள் ஒருவர். 2012 மார்ச்சில் பாடகர் ஜஸ்டின் பீபருக்கு 18-ஆம் பிறந்தநாள் பரிசாகத் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலேயே ஒரு கர்மா வந்து நின்றது. கோடிக் கணக்கில் செலவழித்தாலும் கிடைக்காத விளம்பரம் அது.

சொன்னவற்றையும் நடந்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

விலை 80,000 அமெரிக்க டாலர் என்று 2008-இல் சொன்னார்கள். விற்பனைக்கு வந்தபோது ஏறக்குறைய 96,000 டாலரில் தொடங்கியது. சிறிது காலத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2009 இறுதியில் கிடைக்கும் என்றார்கள், 2011-இல்தான் கிடைத்தது. ஆண்டுக்கு 15,000 கார்கள் என்று திட்டமிட்டார்கள். மொத்தத்தில் செய்து முடித்தது இரண்டாயிரத்துச் சொச்சம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது தூரக் கணக்கு. ஒருமுறை மின்னூட்டம் செய்தால் பெட்ரோல் இல்லாமல் 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர் ஓடும் என்பது விளம்பரம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு சோதித்துவிட்டுத் தந்த எண் 32 மைல், அதாவது சுமார் 51 கிலோமீட்டர். பெட்ரோலில் ஓடும்போது லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர்தான். காரின் எடை ஏறக்குறைய 2,400 கிலோ. பிறகு எப்படி இருக்கும்?

இதை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறவருக்குப் போகவர எழுபது எண்பது கிலோமீட்டர் ஆகும். விளம்பர எண்ணை நம்பினால் தினமும் பெட்ரோல் செலவே இல்லை. சோதனை எண்ணின்படி பார்த்தால் வீடு திரும்பும் வழியில் மின்சாரம் தீர்ந்து, கனமான ஒரு பெட்ரோல் காரை ஓட்டிக்கொண்டிருப்பார்.

சரி, எண் கொஞ்சம் குறைந்ததால் ஒரு நிறுவனம் கவிழ்ந்துவிடுமா? கவிழாது. கர்மாவைக் கவிழ்த்தது வேறு. படம் ஃபிஸ்கருடையது, மற்றவை பெரும்பாலும் பிறருடையவை. பெட்ரோல் இயந்திரம் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் வாங்கியது. மின்கலம் ஏ123 சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்திடம் வாங்கியது. காரைப் பூட்டிக் கொடுத்தது ஃபின்லாந்தில் உள்ள வால்மெட் தொழிற்சாலை. பிறரிடம் வாங்கிச் செய்வது தவறில்லை, பெரிய நிறுவனங்களும் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் அவர்களுக்கு ஒரு பொருள் கெட்டால் தாங்கிக்கொள்ள வேறு பத்து கார் வகைகள் இருக்கும். இவர்களிடம் இருந்தது ஒரே கார், ஒரே மின்கல விற்பனையாளர்.

2011 டிசம்பரில் மின்கலத்தின் குளிர்விக்கும் நீர் கசியக்கூடும் என்று 239 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2012 மார்ச்சில் 'கன்சூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற பயனீட்டாளர் இதழ், சோதித்துப் பார்ப்பதற்காகச் சொந்தப் பணம் 1,07,850 டாலர் கொடுத்து ஒரு கர்மாவை வாங்கியது. 200 மைல்கூட ஓடாத அந்தக் கார் சோதனைத் திடலிலேயே நின்றுபோனது. லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். பழுதான மின்கலங்களை மாற்றித் தர ஏ123 நிறுவனத்துக்கு ஏறக்குறைய 55 மில்லியன் டாலர் செலவு வந்தது. அடுத்து இரண்டு கார்கள் தீப்பிடித்த செய்தி. ஆகஸ்டில் குளிர்விக்கும் விசிறியில் கோளாறு என்று மீண்டும் ஓர் அழைப்பு.

அக்டோபரில் ஏ123 திவாலானது. அதற்கு முன்பே கர்மா உற்பத்தி நின்றிருந்தது. அதே மாதக் கடைசியில் வந்த சாண்டி புயலில், நியூஜெர்சியின் நியூவார்க் துறைமுகத்தில் நின்ற 300-க்கும் மேற்பட்ட கர்மா கார்கள் கடல்நீரில் மூழ்கி வீணாயின. அவற்றுள் சில எரிந்தும் போயின. பட்ட காலிலே படும் என்பார்கள்.

2013 மார்ச்சில் ஹென்ரிக் ஃபிஸ்கர் பதவி விலகினார். அடுத்த மாதம் ஊழியர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு வேலை போனது. நவம்பரில் நிறுவனம் திவால் மனு போட்டது. தனியார் முதலீட்டாளர்கள் போட்ட 1,000 மில்லியன் டாலருக்கும் மேல் போயிற்று. அமெரிக்க அரசு 529 மில்லியன் டாலர் கடன் தர ஒப்புக்கொண்டு, நிறுவனம் இலக்குகளைத் தவறவிட்டதும் 192 மில்லியனோடு நிறுத்திக்கொண்டது. அதில் 139 மில்லியன் திரும்பி வரவில்லை. அது வரிப்பணம்.

'புதிய நிறுவனம் என்றாலே இப்படித்தான்' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அதே அரசுத் திட்டத்தில் 465 மில்லியன் டாலர் கடன் வாங்கிய இன்னொரு புதிய நிறுவனம் டெஸ்லா. மின்கலத் தொகுதியையும் மோட்டாரையும் தானே செய்யக் கற்றுக்கொண்டு, தன் தொழிற்சாலையிலேயே காரைச் செய்தது. 2013 மே மாதம், கெடுவுக்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே கடனை அடைத்தது. புதியது என்பது குற்றமில்லை. மேடைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அண்மையில் சைபர்ஜெயாவில் வேலை செய்யும் என் தங்கை மகன் கைப்பேசியில் ஒரு காரைக் காட்டினான்.

"மாமா, விலை ஏறுறதுக்குள்ள இந்தக் காடிய புக் பண்ணிடலாம்னு பாக்குறேன்."

"சர்வீஸ் எங்க பண்ணுவாங்க தம்பி?"

"இப்போதைக்கு ரெண்டு எடத்துலதான் இருக்கு மாமா. வருசக் கடைசிக்குள்ள இருபது திறக்கப் போறாங்களாம்."

"மோதிட்டா பம்பர் கிடைக்குமா?"

"இங்கயே ஸ்டோர் வைக்கப் போறாங்களாம்."

'போறாங்களாம்' என்பதில் வரும் அந்த 'ஆம்' இருக்கிறதே, அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்ல நம் மொழி வைத்திருக்கும் சின்ன அடையாளம் அது. கர்மாவின் விளம்பரமும் 'ஆம்' மேல் 'ஆம்' ஆகத்தான் வளர்ந்தது. 80 கிலோமீட்டர் ஓடுமாம். ஆண்டுக்கு 15,000 வருமாம். டெலாவேர் மாநிலத்தில் பழைய தொழிற்சாலை ஒன்றை வாங்கியிருக்கிறார்களாம், அங்கே அடுத்த கார் தயாராகுமாம். தொழிற்சாலையை வாங்கியது உண்மை. அங்கிருந்து ஒரு ஃபிஸ்கர் காரும் வெளியே வரவில்லை.

புதிய காரைப் பார்க்கப் போகும்போது, 'ஆம்' போட்டுச் சொல்வதை ஒரு பக்கமும், இன்று கையில் இருப்பதை மறுபக்கமும் எழுதிக்கொள்ளுங்கள். குறிப்பாக நான்கு செய்திகள்.

முதலாவது, தூர எண். எந்தச் சோதனை முறையில் வந்த எண் என்று கேளுங்கள். என்இடிசி என்பது பழைய ஐரோப்பிய முறை, எண்ணைத் தாராளமாகக் காட்டும். அதன் இடத்துக்கு வந்த டபிள்யூஎல்டிபி சாலை நிலவரத்துக்குச் சற்று நெருக்கமானது. அமெரிக்க முறை இன்னும் கறாரானது. ஒரே காருக்கு மூன்று எண்கள் வரும். அறிக்கையில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பெரிய எண்ணாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, வீட்டில் மின்னூட்டம் செய்ய வழி உண்டா? தரை வீட்டுக்காரருக்குச் சிக்கல் குறைவு. அடுக்குமாடியில் இருப்பவர்கள் நிர்வாகத்திடம் முதலில் பேசிவிடுங்கள். மின்னூட்டமே செய்யாத பிளக்-இன் ஹைபிரிட், மின்கலச் சுமையையும் சேர்த்து இழுக்கும் பெட்ரோல் கார்தான்.

மூன்றாவது, பட்டறையும் உதிரி பாகமும். இன்று திறந்திருக்கும் பட்டறைகளை மட்டும் எண்ணுங்கள். அவற்றுள் ஒன்றை நீங்களே அழைத்து, முன்விளக்கு உடைந்தால் என்ன விலை, எத்தனை வாரம் என்று கேளுங்கள். உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் பட்டியலில் அந்தப் பட்டறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான்காவது, உத்தரவாதத் தாள். மின்கலத்துக்கு 8 ஆண்டு என்று பல நிறுவனங்கள் தருகின்றன. அதில் கையெழுத்துப் போடுவது யார்? தயாரிப்பாளரா, இங்குள்ள விநியோகிப்பாளரா? அந்த விநியோகிப்பாளர் வேறு கார்களும் விற்று நிலைத்து நிற்பவரா, இது ஒன்றையே நம்பியிருப்பவரா? கையெழுத்துப் போட்டவர் கடையை மூடினால் 8 ஆண்டு என்பது வெறும் எண்.

கர்மாவுக்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சீனாவின் வான்சியாங் குழுமம் 2014-இல் அந்த நிறுவனத்தின் சொத்துகளை 149 மில்லியன் டாலருக்கு வாங்கி, அதே காரைச் சற்று மாற்றி வேறு பெயரில் விற்றது. ஹென்ரிக் ஃபிஸ்கர் 2016-இல் புதிய நிறுவனம் தொடங்கினார். 'ஓஷன்' என்ற அழகான மின்சாரக் கார் வந்தது. இந்த முறை பூட்டிக் கொடுத்தது ஆஸ்திரியாவில் உள்ள மேக்னா தொழிற்சாலை. 2023-இல் கார்கள் வாடிக்கையாளரிடம் போயின, 2024 ஜூனில் நிறுவனம் திவாலானது. உதிரி பாகத்துக்கும் மென்பொருளுக்கும் வழி தேடி, காரை வாங்கியவர்களே சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.

டிகாப்ரியோ வீட்டில் கர்மா நின்றுபோனால் அவர் வேறு காரில் போய்விடுவார். நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே கார். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட, மாலையில் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போக, தீபாவளிக்கு ஊருக்குப் போக அது ஒன்றுதான்.

நம் நாட்டில் கார் கடன் 9 ஆண்டு வரை கிடைக்கும். முதல் கர்மா வாடிக்கையாளர் கைக்குப் போனதிலிருந்து நிறுவனம் திவாலாகும் வரை ஆனது 2 ஆண்டு 4 மாதம். அப்படிப்பட்ட ஒரு காரை ஒன்பது ஆண்டுக் கடனில் வாங்கியவருக்கு, செய்தவர் போன பிறகும் கட்டுவதற்கு எண்பது தவணைகள் மிச்சம் இருக்கும்.