ஜெட் படகும் பழுகாமத்து வாவியும்

கனடாவிலிருந்து ஆடி விடுமுறைக்கு வந்திருந்த என் மருமகன், பத்தொன்பது அடி நீளமுள்ள இரண்டு குடும்பப் படகுகளின் வண்ணப் பிரசுரங்களை என் வீட்டுத் திண்ணையிலே விரித்துவைத்து, "மாமா, ரெண்டும் ஒண்டுதான், குதிரைவலு கூடினதை எடுத்தாச் சரி. நம்மட வாவி ஆழமில்லாதது, விசிறி இல்லாத ஜெட் படகுதான் இதுக்குத் தோது" என்று தீர்மானமாகச் சொன்னான். அது அவனுடைய சொந்த அபிப்பிராயம் மட்டுமன்று. ஊருக்கு முதல் கொண்டுவர விரும்பும் நம்மவர் பலரும், வாவியோரத்தில் உல்லாசப் பிரயாணிகளை நம்பித் தொழில் தொடங்க எண்ணும் இளைஞரும் ஐயமின்றிப் பற்றியிருக்கும் எண்ணம் அது. பெரும்பணமும் பிள்ளைகளின் உயிரும் சம்பந்தப்பட்ட விஷயமாதலால், அதன் ஒவ்வோர் அங்கத்தையும் எடுத்து மறுத்துச் சொல்லுவது என் கடமை என்று கருதுகிறேன்.

ஆழமற்ற நீருக்கென்றே ஜெட் படகு பிறந்தது என்பது மெய்யே. நியூசிலாந்தின் ஐரிஷ்மன் கிரீக் என்னும் ஆட்டுப்பண்ணையில் வாழ்ந்த வில்லியம் ஹமில்டன், விசிறி வைத்த படகு ஏறமாட்டாத தம் நாட்டு ஆறுகளில் ஏறிச்செல்ல வழிதேடி, 1950களில் இந்த உந்துமுறையைச் செப்பம் செய்தார். படகின் அடிவயிற்றிலுள்ள வாயால் நீரை உறிஞ்சி, குழாயினுள் சுழலும் சக்கரத்தால் அதனை அழுத்தி, பின்புறத்து மூக்கின் வழியே பீறிட்டடிக்கச் செய்வதே அதன் தத்துவம். 1960இல் அவருடைய படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை எதிர்த்து கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கினூடாக ஏறின. 1977இல் எவரெஸ்ட் வீரர் எட்மண்ட் ஹிலாரி, கங்கை கடலோடு கலக்கும் கங்காசாகரத்திலிருந்து மூன்று ஜெட் படகுகளில் புறப்பட்டு, இமயத்தின் மடியிலுள்ள நந்தப்பிரயாகைக்கருகே ஓர் அருவி மறிக்கும்வரை சென்றார். மருமகனும் இந்தக் கங்கைக் கதையைத்தான் எனக்குச் சான்றாகக் காட்டினான்.

ஆனால் ஹமில்டனின் ஆறுகள் பனிமலையிலிருந்து இறங்குவன. கூழாங்கல் பரப்பின்மேல் கண்ணாடிபோல் தெளிந்து விரைவன. நம்முடைய வாவியோ, ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குச் சமாந்தரமாகப் படுத்துக்கிடந்து, கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடிவிட, ஓட்டமின்றிச் சேற்றின்மேல் நிற்பது. இரண்டையும் ஆழமற்ற நீர் என்ற ஒரே பெயரால் அழைப்பதிலிருந்துதான் இந்த மயக்கம் முழுவதும் விளைகிறது. விரைந்தோடி நீர்மேல் எழும்பிவிட்ட ஜெட் படகு சாணளவு நீரிலும் வழுக்கிச் செல்லக்கூடும். நின்ற நிலையிலிருந்து அது புறப்படுவதற்கோ, படகின் அடிக்குக் கீழே சுமார் 90 சென்டிமீட்டர் நீர் வேண்டும் என்று செய்தவர்களே கைநூலில் எழுதிவைக்கிறார்கள். படகு அமிழும் ஓரடிக்கு மேற்பட்ட அளவையும் இதனோடு கூட்டினால் நாலடிக்கு மேல் ஆகிறது. அதற்குக் குறைந்தால், உறிஞ்சும் வாய் நீரோடு சேற்றையும் மணலையும் சிப்பியோட்டையும் இழுத்துக்கொள்ளும். சக்கரத்துக்கும் அதைச் சூழ்ந்த வளையத்துக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளி அராவப்பட்டு அகலும். யந்திரம் வீறிடும், படகு நகராது.

மறுநாள் விடியற்புறத்தில் அவனை ஒரு தோணியிலேற்றிப் பழுகாமத்துக் கரையிலிருந்து உள்ளே கொண்டுபோனேன். தோணியைத் தள்ளும் கம்பை அவன் கையிலே கொடுத்து ஊன்றச் சொன்னேன். நீர் அவன் இடுப்பளவுகூட இல்லை. கம்போ அதற்குக் கீழே இன்னும் இரண்டு சாண் எதிர்ப்பின்றி இறங்கிற்று. பிடுங்கியபோது நுனியிலே கறுத்த சேறு மெழுகுபோல் ஒட்டியிருந்தது. அழுகிய இலைமணம் வீசிற்று. சற்று அப்பால் ஆற்றுவாழை பாய்விரித்தாற்போல் மிதந்தது. கண்டல் வேரடியில் அறுந்த தங்கூசி வலைத்துண்டொன்று வெயில் பட்டு மினுங்கியது. அந்தத் துண்டை எடுத்து அவனிடம் காட்டினேன். கிழக்குக் கரையோர விடுதியொன்றில் நான் ஏறிய ஜெட் வண்டி, இதைப்போன்ற ஒரு முழத் துண்டை விழுங்கி, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் செயலற்று நின்றதையும், அதை ஓட்டிய பையன் அடியிலே மூழ்கி மூழ்கிக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்த அரைமணி நேரத்தையும் நான் மறக்கவில்லை. இங்கே ஓடும் வெளியிணைப்பு இயந்திரத்தை, நீர் குறைந்தால் தூக்கிக்கொள்ளலாம், பாசி சுற்றினால் கண்ணுக்கு நேரே பிய்த்தெறியலாம். ஜெட்டின் வாயோ அடிவயிற்றில் நிலையாகப் பதிந்தது. குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையில் சனங்களையும் சைக்கிள்களையும் ஏற்றிச்செல்லும் மிதவைப் பாதையை அந்தச் சாதாரண இயந்திரமே தள்ளிக்கொண்டு போகிறதென்றால், அதற்குத் தக்க காரணம் உண்டு.

விசிறி இல்லையாதலால் பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை என்னும் வாதமே எல்லாவற்றிலும் என்னைக் கலக்குகிறது. வெட்டும் அலகு வெளியே இல்லை என்பது பெரும் சௌகரியம். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் உறிஞ்சும் வாய் நீண்ட கூந்தலையும் தளர்ந்த உடையையும் கயிற்றையும் இழுக்கவல்லது. பின்மூக்கிலிருந்து பாயும் நீர், நேர்பின்னே இருப்பவரின் உடலினுள்ளே காயம் விளைவிக்கும் வேகமுடையது என்று அப்படகுகளிலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது. இவற்றிலும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. ஜெட் படகை அந்த நீர்ப்பாய்ச்சலே திருப்புகிறதாதலால், விசையை விட்ட கணத்தில் திருப்பும் சக்தியும் பெரும்பாலும் போய்விடுகிறது. எதிரே ஒன்றைக் கண்டு திடுக்கிடும் புதியவன் முதலில் செய்வது விசையை விடுவதுதான். அப்பொழுது படகு, தான் போன திசையிலேயே வழுக்கிக்கொண்டு செல்கிறது. வாவியிலே கழுத்தளவு நீரில் நின்று வலை இழுப்பவரும், விளக்கின்றி ஒற்றைத் தோணியில் இறாலுக்குப் போகிறவரும் இருக்கிறார்கள். யமஹா தன் படகின் பின்னடியில் திரும்பும் சிறு கத்தித்தகடுகளைச் சேர்த்தும், பிற கம்பனியார் வேறு உபாயங்களைக் கையாண்டும் இக்குறையைத் தணித்திருக்கிறார்கள். தணிந்த குறை நீங்கிய குறையாகிவிடாது.

இனி, இரண்டும் ஒன்றே என்ற கூற்று. அவன் கொண்டுவந்தவை யமஹாவின் 195 வகையும், ரொட்டக்ஸ் யந்திரம் பூட்டிய ஸ்கராப் 195 வகையும். நீளம், இருக்கை, தோற்றம் ஆகியவற்றில் இரட்டைப் பிள்ளைகள்தாம். யந்திரத்தைக் குளிர்விக்கும் முறையில்தான் அடிப்படையான வித்தியாசம் இருக்கிறது. யமஹா, படகு மிதக்கும் நீரையே எடுத்து யந்திரத்தின் உடலுக்குள் ஓடவிடுகிறது. ரொட்டக்ஸ், தனியாக அடைத்த குளிர்திரவத்தைச் சுழலவிட்டு, அடியிலுள்ள உலோகத் தகட்டின் வழியே வெப்பத்தை வாவிக்குக் கடத்துகிறது. புகைவழியைக் குளிர்விக்க மட்டும் வெளிநீரை எடுக்கிறது. கனடாவின் நன்னீர் ஏரியில் இது பெரிய பேதமன்று. உப்பும் சேறும் கலந்த நம் நீரிலோ இதுவே முதற்கேள்வி. இந்த ஒன்றை மட்டும் நோக்கினால் ஸ்கராப்பே மேல்.

எனினும் யமஹாவின் பின்மேடையில் ஒரு மூடி உண்டு. யந்திரத்தை நிறுத்தி, மூடியைத் திறந்து, மேலிருந்தே கைவிட்டுச் சக்கரத்தில் சிக்கிய பாசியை எடுத்துவிடலாம், அடியிலே மூழ்கவேண்டுவதில்லை. உப்புச் சேற்றை வீட்டுக்கு வந்து கிணற்று நீரை ஓடவிட்டுக் கழுவலாம். நம்மூரில் கிணறு இல்லாத வளவு அரிது. நடு வாவியில் சிக்கும் பாசிக்கு அவ்விதம் காத்திருக்க முடியாது. ஆகவே நம் நீருக்கு அந்த மூடியே அதிகப் பிரயோசனம் தரும் என்பது என் முடிவு. நியாயமாக வேறுபடுபவர் இருக்கலாம். ஆனால் 'ரெண்டும் ஒண்டுதான்' என்பவர் பிரசுரத்தின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை.

யமஹா என்ற பெயர் நம் மீனவருக்குப் பழக்கமானது, உதிரிப்பாகத்துக்குக் கவலையில்லை என்பதும் பொருந்தாது. வெளியிணைப்பு இயந்திரத்தின் பாகங்கள் ஜெட் படகின் யந்திரத்துக்குச் சேரா.

குதிரைவலு கூடினதே நல்லது என்பதற்குச் சுருக்கமாகவே மறுமொழி சொல்லலாம். யமஹாவின் 195 வகையில் காற்றை அழுத்திச் செலுத்தும் சூப்பர்சார்ஜர் பூட்டிய 1.8 லீற்றர் யந்திரம் இருக்கிறது; அதன் தம்பியான 190 வகையில் அதே கொள்ளளவுள்ள யந்திரம் சூப்பர்சார்ஜர் இன்றி வருகிறது. அழுத்தக் காற்றுள்ள யந்திரம் உயர்ந்த ஒக்டேன் பெற்றோலை நாடுவது. ஒக்டேன் 95 நம் பக்கத்து எல்லா நிரப்பு நிலையங்களிலும் கிடைப்பதன்று. 2022இல் சாதாரணப் பெற்றோலுக்கே நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் நாம். அந்த மிகை வேகத்தைச் செலவிட இங்கே இடமும் இல்லை. அது எழுப்பும் அலை முதலில் போய் அடிப்பது மீனவரின் தோணியையே. எடுக்கத்தான் வேண்டுமென்றால் அந்தத் தம்பியை எடு என்று சொன்னேன்.

அவன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் எஞ்சிய மூன்று காலைகளிலும் அந்தத் தோணியிலேயே போய், பட்டிருப்புப் பாலத்துப் பக்கம்வரை இடத்துக்கு இடம் கம்பை ஊன்றி, நீர் நின்ற உயரத்திலெல்லாம் நூல் கட்டிக்கொண்டு வந்தான். பெரும்பாலான நூல்கள் மூன்றடிக்குக் கீழேதான் விழுந்தன. அந்தக் கம்பு இன்னும் என் திண்ணைச் சுவரில் சாத்தியிருக்கிறது. மாரி பெய்து, முகத்துவாரம் வெட்டியபின் அதே இடங்களில் மறுபடியும் ஊன்றிப் பார்த்து எழுதும்படி போன கிழமை கேட்டிருக்கிறான்.