பேசினா டைப் ஆகும் சாஃப்ட்வேர்: காசு கொடுத்து வாங்கணுமா, இலவசமே போதுமா?

ஒன்றரை மணி நேர மீட்டிங் முடிந்ததும் 'மினிட்ஸ் மட்டும் அனுப்பிடுங்க' என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ரெக்கார்டிங்கைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு டைப் செய்ய உட்கார்ந்தால் ராத்திரி ஆகிவிடும். அந்த நேரம் பார்த்து போனில் ஒரு விளம்பரம்: பேசுங்க, நாங்க எழுதித் தர்றோம், முதல் ஏழு நாள் இலவசம். கார்டு நம்பரைக் கொடுக்கலாமா?

பெரும்பாலானவர்களுக்கு இப்போதைக்குத் தேவையில்லை. போனிலும் லேப்டாப்பிலும் ஏற்கெனவே இருப்பதே போதும். ஆனால் சிலருக்கு, கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கும். யார் எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய, விலையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, வந்த எழுத்தைத் திருத்துவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைத்தான்.

இலவசமாக என்ன இருக்கு?

ஒரு காலத்தில் இந்த வேலைக்குக் காசு கொடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. 1997-ல் வெளியான 'டிராகன் நேச்சுரலி ஸ்பீக்கிங்' தான் இந்தத் துறையில் பெரிய பெயர். வாங்கியவர் முதலில் பத்தி பத்தியாக வாசித்துக் காட்டி, தன் குரலை அதற்குப் பழக்க வேண்டும். அந்த டிராகனை வைத்திருந்த நியூவான்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் சுமார் 1,970 கோடி டாலருக்கு வாங்கி, 2022 மார்ச்சில் தன்னோடு இணைத்துக்கொண்டது. டிராகனில் தமிழ் கிடையாது. தமிழில் எழுத நினைப்பவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

தமிழுக்குத் திருப்பம் 2017 ஆகஸ்டில் வந்தது. கூகுள் தன் குரல்வழி டைப்பிங்கில் தமிழ் உட்பட 8 இந்திய மொழிகளைப் புதிதாகச் சேர்த்தது. இன்று ஜிபோர்டு கீபோர்டில் மைக்கை அழுத்தினால் தமிழில் பேசலாம். லேப்டாப்பில் குரோம் வழியாக கூகுள் டாக்ஸைத் திறந்தால், டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங் இருக்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஆங்கிலத்துக்கு விண்டோஸ் பட்டனையும் ஹெச் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் போதும். எதற்கும் காசு கிடையாது.

ஓபன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட 'விஸ்பர்' இன்னொரு வகை. மாடலையே யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டார்கள். மாதச் சந்தா கேட்கும் சில ஆப்களுக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் இதுவேதான்!

சிக்கல் தமிழில்தான்

விஸ்பருக்குப் பாடமாகக் கொடுக்கப்பட்டது 6,80,000 மணி நேர ஒலிப்பதிவு. அதில் ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளின் பேச்சை அந்தந்த மொழியிலேயே எழுதப் பழக்கிய பங்கு, எல்லாம் சேர்த்தே 1,17,000 மணி நேரம். அந்த 96-ல் தமிழும் ஒன்று. ஆங்கிலத்தில் அசத்தும் ஆப் தமிழில் தடுமாறுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மொழியின் தன்மையும் சேர்ந்துகொள்கிறது. பேசுவது 'வந்துட்டாங்க', ரிப்போர்ட்டில் இருக்க வேண்டியது 'வந்துவிட்டார்கள்'. காதில் விழுந்ததை எழுதுவதா, எழுத்துத் தமிழுக்கு மாற்றுவதா? அரை, அறை இரண்டையும் பலர் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறார்கள். பணி பனியாகும், கறை கரையாகும். 'ஒண்ணே கால் லட்சம்' என்றால் 1,25,000 என்று வர வேண்டும். அங்கே ஒரு இலக்கம் மாறினால் எந்த ஸ்பெல் செக்கும் காட்டிக் கொடுக்காது. போதாக்குறைக்கு ஆபீஸ் தமிழ்: 'ரிலீஸை போஸ்ட்போன் பண்ணிடலாம், கிளையன்ட் கிட்ட நான் பேசிக்கிறேன்.' இதை எந்த எழுத்தில் தருவது என்பதிலேயே மெஷின் குழம்பிப் போகும்.

வட்டார வழக்கும் சும்மா விடாது. அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் மென்பொருள்களை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். வெள்ளை அமெரிக்கர்கள் பேசியபோது 100 வார்த்தைக்குச் சராசரியாக 19 பிழை. கறுப்பின அமெரிக்கர்கள் பேசியபோது 35. அத்தனைக்கும் இரண்டுமே ஆங்கிலம்! '95 சதவீதத் துல்லியம்' என்று விளம்பரம் சொன்னால், யாருடைய குரலில் என்று கேட்பது நியாயம்தான்.

ஒரு சின்னக் கணக்கு

1,000 வார்த்தை எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 30 வார்த்தை டைப் செய்பவருக்கு 33 நிமிடம் ஆகும். நிமிடத்துக்கு 100 வார்த்தை வீதம் பேசினால் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் 100 பிழை இருந்து, ஒவ்வொன்றையும் திருத்த 5 நொடி ஆனால் இன்னும் 8 நிமிடம். மொத்தம் 18 நிமிடம், லாபம்தான். அதுவே 250 பிழை என்றால் திருத்த மட்டும் 21 நிமிடம். மொத்தம் 31 நிமிடம். தொண்டை வலிதான் மிச்சம்.

தவறைத் தேடிக் கண்டுபிடிக்கும் நேரம் இந்தக் கணக்கில் இல்லை. சில தவறுகள் தவறு மாதிரியே தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2024-ல் வெளியிட்ட ஆய்வில், விஸ்பர் எழுதித் தந்த பதிவுகளில் சுமார் 1 சதவீதத்தில் யாருமே பேசாத வாக்கியங்கள் இருந்தன. அப்படி முளைத்தவற்றில் 38 சதவீதம் வன்முறை, தவறான தகவல் என்று பாதிப்பை உண்டாக்கக்கூடியவை. பேச்சில் இடைவெளி அதிகமாக இருந்தவர்களின் பதிவுகளில் இது கூடுதலாக நடந்தது. மருத்துவமனைக் குறிப்பிலோ வழக்கறிஞரின் கோப்பிலோ இப்படி ஒரு வரி முளைத்தால் என்ன ஆகும்? எழுத்து வந்துவிட்டது என்று ஒலிப்பதிவை அழித்துவிட்டால், சரிபார்க்கவும் வழி இருக்காது.

அப்போ யார் வாங்கலாம்?

தினமும் மணிக்கணக்கில் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் சொல்லும் டாக்டர், வக்கீல் போன்றவர்களுக்கு, துறைச் சொற்களையும் பெயர்களையும் சேர்த்துவைக்க வசதியுள்ள கட்டண மென்பொருள் பயன்படும். வாரம் பல மணி நேரப் பேட்டிகளை எழுத்தாக்கும் ஆய்வாளர், பத்திரிகையாளருக்கும் அப்படித்தான். பேசியவர் யார் என்று பிரித்துக் காட்டும் வசதி ஒன்றுக்கே காசு கொடுக்கலாம். கை வலியாலோ பார்வைக் குறைபாட்டாலோ டைப் செய்ய முடியாதவர்களுக்கு மேலே சொன்ன நிமிடக் கணக்கே பொருந்தாது. மெதுவாக வேலை செய்தாலும் அது அவர்களுக்கு உதவிதான். ஆனால் அவர்களும் முதலில் ஆண்ட்ராய்டு, விண்டோஸில் உள்ள வாய்ஸ் ஆக்சஸ், ஐபோனில் உள்ள வாய்ஸ் கன்ட்ரோல் ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். அவை இலவசம்.

ஆபீஸ் மீட்டிங் என்றால் இன்னொரு கேள்வி இருக்கிறது: ரெக்கார்டிங் எங்கே போகிறது? பல ஆப்கள் குரலைத் தங்கள் சர்வருக்கு அனுப்பித்தான் எழுத்தாக்குகின்றன. அனுமதி இல்லாமல் உரையாடலைப் பதிவு செய்து ஏஐ பயிற்சிக்குப் பயன்படுத்தியதாக ஆட்டர் ஆப் மீது 2025 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் வழக்கு தொடரப்பட்டது. கிளையன்ட்டின் ரகசியத்தைச் சொந்த ஆப்பில் ஏற்றிவிட்டு ஹெச்.ஆர். முன் நிற்பதைவிட, கம்பெனி அனுமதித்த டூல் எது என்று முதலிலேயே கேட்டுவிடலாம்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால், விளம்பர டெமோவை ஒதுக்கிவிட்டு, ஃபேன் சத்தமும் பாதித் தமிழும் பாதி இங்கிலீஷும் கலந்த 10 நிமிட ரெக்கார்டிங் ஒன்றைச் சோதனைக் காலத்திலேயே கொடுத்துப் பார்க்கலாம். கிளையன்ட் பேச்சு இல்லாத, பேசியவர்கள் சம்மதித்த பதிவாக இருக்கட்டும். அதையே இலவச டூல் ஒன்றிலும் ஓடவிட்டு, இரண்டையும் திருத்தி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று போனில் டைமர் வைத்துப் பார்த்துவிட்டால் விஷயம் தெரிந்துவிடும். பிடித்திருந்தாலும் வருடச் சந்தா வேண்டாம், மாதச் சந்தா போதும். பிடிக்கவில்லை என்றால் ஏழாவது நாள் முடிவதற்குள் கேன்சல் செய்ய மறந்துவிடக் கூடாது. ஆப்பை டெலிட் செய்தால் மட்டும் சந்தா நின்றுவிடாது.