வவ்வால் எச்சமும் ஆர்கானிக் பக்தியும்

கலிபோர்னியாவில் 2016 நவம்பரில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்திக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினார்கள். ஒரு வீட்டில் ஆறு செடி வரை வளர்த்துக்கொள்ளலாம். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல், பெரும்பாலான மாகாணங்களில், வீட்டுக்கு நாலு செடி. (இந்தியாவில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரு செடி வளர்த்தாலும் குற்றம். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் அந்த ஊர்ச் சங்கதி.) சட்டம் மாறியது சரியா தப்பா என்பது தனி விவாதம், அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். இங்கே பேச்சு செடி நிற்கிற தொட்டி மண்ணைப் பற்றி. அந்த மண்ணைச் சுற்றி ஒரு புது மதமே உருவாகியிருக்கிறது!

அந்த மதத்தின் பிரசாதத்துக்கு "சூப்பர் சாயில்" என்று பெயர். கடையில் ஏழெட்டு மூட்டை தொட்டி மண் வாங்க வேண்டும். அதில் ஒரு மூட்டை மண்புழு உரம், ரத்தத் தூள், எலும்புத் தூள், வவ்வால் எச்சம், ராக் பாஸ்பேட், டோலமைட் சுண்ணாம்பு, எப்சம் உப்பு, எரிமலைத் தூள், ஹியூமிக் அமிலம்... எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டிக் கிளறி, ஈரமாக்கி, ஒரு மாதம் "வேக" வைக்க வேண்டும். அப்புறம் அறுவடை வரைக்கும் வெறும் தண்ணீர் போதுமாம். ஒரு சொட்டு ரசாயனம் கிடையாது, முழுக்க முழுக்க ஆர்கானிக்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லச் சிதைத்துக் கொடுக்கும் சத்தைச் செடி எடுத்துக்கொள்ளும் என்பது பொய்யும் இல்லை. ஆனால் எதற்காக ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்? ரத்தத் தூளில் நைட்ரஜன் மட்டும் 12 சதவீதத்துக்கு மேல். அது சிதையும்போது வரும் அம்மோனியா இளம் வேரைக் கருக்கிவிடும். அதனால்தான் இந்தக் கலவையைத் தொட்டியின் அடியில் மட்டும் போட்டு, மேலே சாதாரண மண்ணைப் போடச் சொல்கிறார்கள். சத்து அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று செய்முறையே ஒப்புக்கொள்கிற இடம் இது. படிப்பவர்கள்தான் கவனிப்பதில்லை.

அடுத்த வேடிக்கை. எலும்புத் தூளிலும் ராக் பாஸ்பேட்டிலும் இருக்கும் பாஸ்பரஸ், மண் புளிப்பாக இருந்தால்தான் கரையும். பிஎச் 7ஐ நெருங்க நெருங்கக் கல்லாகவே கிடக்கும். அதே மூட்டையில் புளிப்பைப் போக்கச் சுண்ணாம்பையும் கொட்டுகிறார்கள்! ஒரு கையால் கொடுத்து மறு கையால் பூட்டுவது. இதோடு முடியவில்லை. வேரோடு சேர்ந்து வாழ்ந்து பாஸ்பரஸைத் தேடிக் கொடுக்கும் பூஞ்சை ஒன்று உண்டு, மைக்கோரைசா. அதையும் தனியாகப் பாக்கெட்டில் வாங்கித் தூவச் சொல்கிறார்கள். மண்ணில் பாஸ்பரஸ் கூடினால் அந்தப் பூஞ்சை வேரில் ஒட்டவே ஒட்டாது என்பது தாவரவியல் மாணவனுக்குத் தெரியும். காசு கொடுத்து வேலைக்காரனை அழைத்து வந்து வாசலிலேயே நிறுத்தி வைத்த கதை.

சரி, இந்தச் செடிக்கு பாஸ்பரஸ் அவ்வளவு வேண்டுமா? கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பூக்கும் பருவச் செடிகளை வைத்துச் செய்து 2021ல் வெளியிட்ட ஆய்வில், நல்ல மகசூலுக்கு லிட்டர் தண்ணீரில் நைட்ரஜன் 194 மில்லிகிராம், பாஸ்பரஸ் 59 மில்லிகிராம் அளவில் இருந்தால் போதும் என்று வந்தது. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. "பூ நிறைய வர பாஸ்பரஸ்" என்று விற்கிற கடைக்காரருக்கு இந்தக் கணக்கு பிடிக்காது.

இதுவரை சொன்னது காசு நஷ்டம். உடம்புக்கு வருவது இனிமேல்தான்.

கஞ்சாச் செடி மண்ணில் இருக்கிற கன உலோகங்களை உறிஞ்சுவதில் கெட்டிக்காரச் செடி. செர்னோபில் பக்கம் கெட்டுப்போன மண்ணைச் சுத்தப்படுத்த இதே இனத்தின் நார் வகையை 1990களின் கடைசியில் நட்டுப் பார்த்தது அந்தக் குணத்தை நம்பித்தான். ராக் பாஸ்பேட்டில், அது வெட்டியெடுத்த இடத்தைப் பொறுத்து, காட்மியம் கலந்திருக்கும். பூமியில் தோண்டியெடுத்த கல், ஆகவே "ஆர்கானிக்". காட்மியமும் அப்படிப் பார்த்தால் இயற்கைதானே! கடையில் விற்கும் சரக்கில் காட்மியம், ஈயம், ஆர்செனிக், பாதரசம் நான்கையும் சோதிக்க வேண்டும் என்று கலிபோர்னியா 2018 கடைசியில் கட்டாயப்படுத்தியது. வீட்டுத் தொட்டியை யார் சோதிக்கப் போகிறார்கள்? சாப்பாட்டில் போகும் காட்மியத்தை விடப் புகையாக நுரையீரலுக்குள் போகும் காட்மியம்தான் உடம்பில் அதிகம் தங்கும். கடைச் சரக்கில் என்ன இருக்குமோ என்று பயந்து வீட்டில் வளர்க்கிறவர், பரிசோதனை நடக்கிற இடத்தை விட்டு அது இல்லாத இடத்துக்குப் போகிறார்.

அப்புறம் வவ்வால் எச்சம். நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் இரண்டு ஆண்கள், ஒருவருக்கு 59 வயது, இன்னொருவருக்கு 64. இருவருமே சொந்தமாக வளர்க்கும் கஞ்சாச் செடிக்கு வவ்வால் எச்சத்தை உரமாகக் கையாண்டவர்கள். ஒருவர் இணையத்தில் வாங்கியது, மற்றவர் வீட்டுப் பரணில் குவிந்து கிடந்தது. காய்ச்சல், இருமல், எடை குறைவு என்று போய்ப் பார்த்ததில் ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ். வவ்வால், பறவை எச்சத்தில் வளரும் ஒரு பூஞ்சையின் விதைத்தூள் மூச்சோடு உள்ளே போவதால் வரும் நுரையீரல் நோய் அது. இருவருமே இறந்துபோனார்கள். அந்த ஊர் மருத்துவர்கள் 2024 டிசம்பரில் மருத்துவ இதழில் இதை எழுதினார்கள். உலர்ந்த எச்சத்தைத் தார்ப்பாயில் கொட்டி மண்வெட்டியால் கிளறும்போது எழும் தூசியை நினைத்துப் பார்த்தால் போதும். "உயிருள்ள நுண்ணுயிர்கள் நிறைந்தது" என்று அட்டையில் பெருமையாகப் போட்டு விற்கிறார்கள். நிறைந்தது நல்ல உயிர் மட்டும்தான் என்று யார் சொன்னது?

இந்தக் கலவையின் முக்கால்வாசி இடத்தை அடைப்பது பீட் பாசி. கனடாவின் சதுப்புநிலங்களில் செத்த பாசி மக்காமல் படிந்து படிந்து உருவானது. வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் சேரும். ஒரு மீட்டர் சேர ஆயிரம் வருடம்! உலக நிலப்பரப்பில் 3 சதவீதம்தான் இந்தச் சதுப்பு. காடுகளின் மரங்கள் எல்லாம் சேர்ந்து பிடித்து வைத்திருப்பதை விட அதிகக் கரியை அது பிடித்து வைத்திருக்கிறது. அதைத் தோண்டி, காயவைத்து, ஒரு அறுவடைக்குப் பயன்படுத்தி, குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்த பை வாங்குகிறவர், தன்னை பூமியின் நண்பன் என்று சொல்லிக்கொள்கிறார்.

மாற்று உண்டு, பொள்ளாச்சியிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகிற தென்னை நார்த்தூள். அதிலும் புனிதம் ஒன்றும் இல்லை. பொட்டாசியமும் சோடியமும் பிடித்து வைத்திருப்பதால் நன்றாகக் கழுவ வேண்டும். அந்தக் கழுவிய தண்ணீர் கிணற்றில் இறங்குகிறது என்று பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயிகள் புலம்புவது அமெரிக்கக் கடையில் விற்கிற பையின் அட்டையில் இருக்காது. ஆனாலும் தேங்காய் வருடாவருடம் காய்க்கிறது. சதுப்பு அப்படி இல்லை.

தொட்டிக்கு உண்மையில் என்னதான் வேண்டும்? தோட்ட மண்ணை அப்படியே தொட்டியில் நிரப்பினால் இறுகிப்போகும், அடியில் தண்ணீர் தங்கி வேர் மூச்சுத் திணறும். அடியில் கூழாங்கல் போட்டால் சரியாகிவிடும் என்பதும் கட்டுக்கதைதான். மெல்லிய மண்ணிலிருந்து தண்ணீர் சீக்கிரம் கல்லுக்குள் இறங்காது, தேங்கும் மட்டம் இன்னும் மேலே ஏறும். ஆகவே முதல் தேவை காற்றோட்டம். கழுவிய நார்த்தூள் ஒரு பங்கு, நன்றாக மக்கிய கம்போஸ்ட் ஒரு பங்கு, பெர்லைட்டோ உமியோ மாதிரி கரடாக ஏதாவது ஒரு பங்கு. மேலே ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. அந்தப் புண்ணாக்கை அமெரிக்கத் தொட்டிக்காரர்கள் இப்போது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி பவுண்டு கணக்கில் வாங்குகிறார்கள், அது வேறு சங்கதி.

அறுவடை முடிந்ததும் அந்த மண்ணைக் கொட்டவும் வேண்டியதில்லை. தண்டை அறுத்துவிட்டு வேரை அப்படியே மக்கவிட்டு, மேலே கொஞ்சம் கம்போஸ்ட் போட்டால் அடுத்த முறைக்குத் தயார். எது குறைகிறது என்று சந்தேகம் இருந்தால் ஒரு பிடி மண்ணை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். வவ்வால் எச்சம் வாங்குகிற செலவில் அதை முடித்துவிடலாம். ஆனால் ஆய்வுக்கூடத்திலிருந்து சில சமயம் "எதுவும் போட வேண்டாம்" என்று பதில் வரும். கடையில் அந்தப் பதில் கிடைக்காது.