சாமிக்குத் தேர், அறிவுக்குப் பூட்டா?

நமது நாட்டில் கல்லுச் சாமிக்கும் செம்புச் சாமிக்கும் ஊர் சுற்றத் தேர் இருக்கிறது, சப்பரம் இருக்கிறது, இழுத்துச் செல்ல மனிதர்களும் இருக்கிறார்கள். அறிவு மாத்திரம் பட்டணத்துக் கட்டிடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, வேண்டியவன் சீட்டு வாங்கி வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்கிறது. சென்னை எழும்பூர் மியூசியம் 1851-இல் ஏற்பட்டது. அதற்குப் பாமர ஜனங்கள் வைத்த பெயர் "செத்த காலேஜ்" என்பதாகும். பண்டிதர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். விளக்கிச் சொல்ல ஆளில்லாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் பொருள், பார்ப்பவனுக்குச் செத்ததாகத் தோன்றாமல் வேறெப்படித் தோன்றும் என்று கேட்கின்றோம்.

காட்சிப் பொருள்களை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோவது புதிய காரியமல்ல. 1965-லேயே கல்கத்தாவிலிருந்து ஒரு விஞ்ஞானக் காட்சி பஸ் புறப்பட்டது. பின்னர் பெங்களூர் விசுவேசுவரய்யா காட்சிசாலையின் பஸ்களும் தென்னாட்டுப் பள்ளிக்கூடங்களுக்குப் போயிருக்கின்றன. 2007-இல் ரயிலே விட்டார்கள். நல்லதுதான். ஆனால் இப்படிப்பட்ட பஸ்களில் பெரும்பாலும் இருப்பது கப்பியும் கண்ணாடி வில்லையும் மின்சார வேடிக்கையுமே. ஜில்லா மியூசியத்திலோ விக்கிரகமும் நடுகல்லும் பானையும், பக்கத்தில் பெயரும் நூற்றாண்டும் எழுதிய ஒரு சீட்டும். ஓரிடத்தில் மனிதனில்லாத விஞ்ஞானம். மற்றோரிடத்தில் காரணம் கேளாத சரித்திரம். இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றினாலொழிய நாட்டுப்புறத்தானுக்குப் பயனில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

சேலத்துக்கு வடக்கே சேர்வராயன் மலையடியிலுள்ள கொண்டப்பநாயக்கன்பட்டியையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்துக் கரடுகளில் வெள்ளைக்கல் கிடைக்கிறது. அது ஜடாயுவின் எலும்பு என்று ஒரு கதை! ராவணன் வெட்டியது ஒரே ஒரு கழுகை. எலும்பு மட்டும் மைல் கணக்கில்! அதைத் தோண்டினார்கள்; சூளையில் சுட்டார்கள்; எஃகு உலையின் உட்சுவருக்குச் செங்கல் செய்தார்கள். ஜடாயுவைச் சுடலாமா என்று எந்த வைதிகரும் குறுக்கே படுத்ததாக நாம் கேள்விப்படவில்லை. உண்மையில் அது மாக்னசைட் என்னும் கனிமம். பூமியின் ஆழத்திலிருந்து வந்த பாறை, கரியமில வாயு கலந்த நீரால் நெடுங்காலம் மாறி அப்படியாயிற்று. அதைப் பொடித்துச் சூடான திராவகத்தில் போட்டால் அந்த வாயுவே பொங்கி வரும். வண்டியில் இதைச் செய்து காட்ட வேண்டும். அதே மேஜையில் ஜடாயு கதையையும் எழுதி வைத்து, இதை யார் சொன்னார், யாருக்கு லாபம் என்று கேட்கப் பழக்க வேண்டும். வெள்ளைத் தூசியில் நின்று கூலிக்குக் கல்லுடைத்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

சேலத்துக்குத் தென்மேற்கே கஞ்சமலை. அமாவாசைக்கு அமாவாசை அங்குள்ள சித்தர் கோயிலுக்குக் கூட்டம் போகிறது. மலையில் இருப்பதோ காந்தத்தில் ஒட்டும் இரும்புக்கல். சேலம் சீமையில் இரும்பை உருக்கி எஃகாக்கியவன் நம்மவன். இந்தியாவிலிருந்து போன அவ்வகை எஃகை 1819-இல் லண்டனில் ஆராய்ந்து எழுதியவர் மைக்கேல் ஃபாரடே. அவர் ஒரு கொல்லனின் மகன், தோழர்களே! அங்கே கொல்லன் மகனுக்கு ஆராய்ச்சிசாலைக் கதவு திறந்தது. இங்கே உலை ஊதியவன் மகன் உலையே ஊத வேண்டும் என்று சாஸ்திரம் எழுதி வைத்தார்கள். எஃகு அங்கே யந்திரமாயிற்று. இங்கே அய்யனாருக்கு அரிவாளாயிற்று.

பழைய சேலம் ஜில்லாவில் இருந்து, இன்று கிருஷ்ணகிரி ஜில்லாவிலுள்ள மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் வெளியாயிற்று. இதைச் சொன்னது எந்தப் புராணம்? மண்ணில் கிடந்த கரியிலுள்ள கார்பனை அளந்தல்லவா சொன்னார்கள்! தமிழனின் பழமைக்குக் கரித்துண்டு சாட்சி சொல்லும்போது, இது விஞ்ஞானம், அது சரித்திரம் என்று வேலி போடுவது யாருக்காக?

இப்படிக் கலந்தால் பக்தர்கள் மனம் புண்படும் என்பார்கள். அவர்கள் கலக்கவில்லையா? 2015 ஜனவரியில் பம்பாயில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரசிலேயே வேதகால ஆகாய விமானத்தைப் பற்றிக் கட்டுரை படித்தார்களே! இத்தகைய பேச்சுக்கெல்லாம் ஆதாரமாகக் காட்டப்படும் "வைமானிக சாஸ்திர"த்தை 1974-லேயே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் ஐவர் பரிசீலித்தார்கள். பாஷை நடையையும் நூல் வந்த வரலாற்றையும் பார்த்து, அது 1904-க்கு முந்தியதல்ல என்றார்கள். படங்களைப் பார்த்து, அந்த விமானம் பறக்காது என்றார்கள். ஒரு புரட்டை உடைக்கப் பாஷை ஆராய்ச்சியும் வேண்டியிருந்தது, பௌதிகமும் வேண்டியிருந்தது.

பணத்துக்கு எங்கே போவது என்று அடுத்தபடியாகக் கேட்பார்கள். விஞ்ஞான மனப்பான்மையையும் மனிதாபிமானத்தையும் ஆராயும் புத்தியையும் சீர்திருத்தத்தையும் வளர்ப்பது பிரஜையின் கடமை என்று 1976-இல் அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவில் ஒரே வரியில் சேர்த்து எழுதிய சர்க்கார், அந்த வரிக்கு ஒரு பஸ்ஸும் டீசலும் கொடுக்கட்டும். பஸ் வந்தால் அதைக் கோயில் வாசலில் நிறுத்தக் கூடாது. எல்லாத் தெருவாரும் வரக்கூடிய பள்ளிக்கூட மைதானத்தில், கூலி வேலை முடிந்து ஆணும் பெண்ணும் திரும்புகிற இரவு வேளையில் விளக்குப் போட்டு நிறுத்தட்டும். விளக்கம் சொல்லும் வேலையை வெள்ளைக்கல் வெட்டியவருக்கும் பட்டறைக் கொல்லருக்கும் பயிற்சியளித்து, சம்பளம் கொடுத்துக் கொடுக்கட்டும்.