குரலுக்கு வேலியா?

2024 செப்டம்பர் 6, வெள்ளிக்கிழமை. பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரில் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கும் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்கும் இடையே அமெரிக்கக் கால்பந்தாட்டம் ஒன்று நடைபெற்றது. பேக்கர்ஸ் 29க்கு 34 என்ற கணக்கில் தோற்றது. தோல்வி பெரிதன்று, விளையாட்டில் அது இயல்பு. பெரிதாகப் பேச வேண்டியது வேறொன்று. அன்றைய ஆட்டத்தைக் காட்டும் உரிமை பீகாக் என்னும் சந்தா நிறுவனத்திற்கு விற்கப்பட்டிருந்தது. இரு அணிகளின் சொந்தச் சந்தைகளாகிய நகரங்களில் மட்டுமே அது இலவசத் தொலைக்காட்சியில் தெரிந்தது. பேக்கர்ஸ் அணியை உயிராய் நேசிக்கும் அதே விஸ்கான்சின் மாநிலத்தின் மேற்கே, மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள லா குரோஸ் நகரத்தார் பணம் கட்டினால்தான் பார்க்கலாம் என்ற நிலை. அன்று அவர்களுக்குக் கட்டணமின்றிக் கிடைத்தது ஒன்றே ஒன்று, வானொலி.

எங்கோ ஓர் அந்நிய நாட்டு ஆட்டத்தைப் பற்றி இங்கே ஏன் இத்தனை வாதம் என்று வாசகர் வினவலாம். பொங்கல் நாள்களில் சேப்பாக்கத்து ஆட்டத்தின் தமிழ் வருணனைக்காகத் தெருமுனைத் தேநீர்க்கடையில் காத்து நின்றவர் நம்மில் பலர். காணாத களத்தை ஒரு குரலின் வழியே கண்டவர்க்கு இவ்வழக்கின் உட்பொருளை விளக்க வேண்டியதில்லை.

பேக்கர்ஸ் ஏனைய அணிகளைப் போன்றதன்று. 1919இல் தோன்றிய அவ்வணி 1923 முதல் பொதுமக்கள் பங்கு வாங்கி நடத்தும் நிறுவனமாக விளங்குகிறது. அந்தப் பங்கிற்கு லாபப்பங்கு இல்லை. அதைப் பிறருக்கு விற்று ஆதாயம் காணவும் இயலாது. இருந்தும் இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் பங்குதாரர். ஒரு கோடீசுவரரின் உடைமையாக இல்லாமல் ஊரின் உடைமையாக நிற்கும் அணி அந்த லீக்கில் இது ஒன்றே. கிரீன் பே நகரின் மக்கள்தொகையோ ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியது. லாம்போ களத்தில் 81,000 பேர் அமரலாம்; ஆயினும் பருவச் சீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஒரு லட்சத்துக்கும் மேலான பெயர்கள் உள்ளன. பெயரைப் பதிந்தவர் கிழவராகி, சீட்டு அவர்தம் பேரனுக்குக் கிட்டுவதும் உண்டு.

ஆகவே களத்தின் வாயில் பெரும்பாலோர்க்கு அடைபட்டதே. தொலைக்காட்சியின் வாயிலும் நெடுங்காலம் அடைபட்டே இருந்தது. 1973க்கு முன்னர், சொந்தக் களத்தில் ஓர் அணி ஆடும் ஆட்டத்தை அவ்வூர்த் தொலைக்காட்சியில் காட்டக்கூடாது என்பது லீக்கின் விதி. காட்டினால் சீட்டு விற்காதாம்! 1960 முதல் ஓர் இருக்கையும் விற்காமல் மிஞ்சாத ஊருக்கும் அதே விதி. 1973இல் அமெரிக்கப் பேரவை, 72 மணி நேரத்திற்கு முன்பே சீட்டுகள் தீர்ந்துவிட்டால் மறைப்பை நீக்க வேண்டும் எனச் சட்டம் இயற்றிய பின்னரே நிலைமை மாறியது.

அவ்வாண்டுகளிலெல்லாம் அவ்வூருக்கு ஆட்டத்தைக் கொண்டு சேர்த்தது யார்? மில்வாக்கி நகரின் டபிள்யூடிஎம்ஜே நிலையம். 1929இல் ரஸ் வின்னி என்பார் அந்நிலையத்திலிருந்து பேக்கர்ஸ் ஆட்டங்களை உரைக்கத் தொடங்கினார். வெளியூர் ஆட்டமெனில் தந்தியில் வரும் சில சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு, நிலையத்தில் அமர்ந்தபடியே களத்தைக் கற்பனையால் எழுப்பிக் காட்டுவது அக்கால வருணனையாளர்களின் வழக்கம். 1967 டிசம்பர் 31 அன்று, செல்சியஸ் கணக்கில் சுழியத்திற்குக் கீழே 25 பாகை என்ற கொடுங்குளிரில், ஆட்டம் முடியப் பதின்மூன்றே நொடிகள் இருக்க பார்ட் ஸ்டார் எல்லைக்கோட்டைக் கடந்து டல்லாஸ் அணியை வென்றபோது, அதை விஸ்கான்சின் மக்களுக்குச் சொன்ன குரல் டெட் மூருடையது. பின்னர் ஜிம் இர்வினும், ஆட்டக்காரராயிருந்து வருணனையாளராகிய மேக்ஸ் மெக்கீயும் 1998 வரை இருபது பருவங்கள் இணைந்து உரைத்தனர். தொலைக்காட்சி திறந்துவிடப்பட்ட அக்காலத்தில் மக்கள் என்ன செய்தனர் தெரியுமா? தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலியை அடைத்துவிட்டு, பக்கத்தில் வானொலியைத் திறந்து வைத்தனர். படம் நியூயார்க் நிறுவனத்துடையது, குரல் தம்முடையது. 1999இல் வேய்ன் லாரிவீ பொறுப்பேற்ற பின்னும் அப்பழக்கம் நீடித்தது. இன்று அது அரிதாகிவிட்டது. காரணம் வெறுப்போ மறதியோ அன்று. எண்ணியல் தொலைக்காட்சியின் படம் பல நொடிகள் பிந்தி வருகிறது. வானொலியில் ஆரவாரம் எழும்போது திரையில் பந்து இன்னும் எறியப்படாமலேயே இருக்கிறது.

வாசகர்க்கு ஒரு கிளைச்செய்தி. கிரீன் பேயை அடுத்த டி பியரில் புனித நார்பர்ட் கல்லூரி உள்ளது. பேக்கர்ஸ் ஆட்டக்காரர்கள் பருவத்திற்கு முந்திய பயிற்சிக் காலத்தில் நெடுங்காலமாகத் தங்கிவரும் இடம் அது. அக்கல்லூரியை நடத்தும் நார்பர்ட் சபைத் துறவியர் 1925இலேயே டபிள்யூஎச்பிஒய் என்னும் வானொலி நிலையத்தை நிறுவினர். வானொலியை வெறும் வியாபாரச் சரக்காக மட்டும் கருதாதவர் அப்பகுதியில் தொடக்கமுதலே இருந்தனர் என்பதற்காக இதைச் சொன்னேன்.

இனி வழக்கிற்கு வருவோம்.

1961இல் அமெரிக்கா இயற்றிய விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், எல்லா அணிகளின் தொலைக்காட்சி உரிமைகளையும் லீக்கே ஒன்றாய்த் திரட்டி விற்க வழி செய்தது. அதன் பயனை மறுக்க மாட்டேன். வருவாய் சமமாகப் பகிரப்பட்டதாலேயே கிரீன் பே போன்ற சிற்றூர் பெருநகரங்களோடு போட்டியிட முடிந்தது. ஆனால் அதன் மறுபக்கம், தொலைக்காட்சி ஊரின் கையை விட்டுப் போயிற்று. எந்த மாவட்டம் எந்த ஆட்டத்தைப் பார்ப்பது என்பதை விளம்பரச் சந்தை வரைபடம் தீர்மானிக்கிறது. விஸ்கான்சினின் 13 மாவட்டங்கள் அவ்வரைபடத்தில் மினசோட்டா அல்லது மிச்சிகன் நகரங்களின் சந்தையோடு சேர்க்கப்பட்டுள்ளன. சுப்பீரியர் ஏரிக்கரையில் பேக்கர்ஸ் சட்டையை அணிந்து அமர்ந்திருப்பவர், திரையில் பகை அணியாகிய வைக்கிங்ஸின் ஆட்டத்தைக் காண நேர்கிறது. இக்குறையை நீக்கவென்றே மேலவை உறுப்பினர் டாமி பால்ட்வின் ஒரு சட்ட முன்வரைவைக் கொணர்ந்தார். வானொலிக்கோ அவ்வரைபடம் தெரியாது. அணியே தன் உரிமையை வைத்துக்கொண்டு, மாநிலமெங்கும் சிறு சிறு நிலையங்களைக் கோத்து அமைத்த வலை அது. அந்த 13 மாவட்டங்களும் அவ்வலைக்குள் அடங்கும்.

இந்த ஒன்றையும் இப்போது மெல்ல மெல்ல வேலிக்குள் அடைக்கிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

முதலாவது, அலை. ஏறக்குறைய 90 ஆண்டுகள் தலைமை நிலையமாக விளங்கிய டபிள்யூடிஎம்ஜே மத்திய அலைவரிசை நிலையம். 620 கிலோஹெர்ட்ஸில் நெடுந்தொலைவு செல்லும் குரல். 2022 பருவம் முதல் அத்தலைமை ஐஹார்ட் என்னும் பெருநிறுவனத்தின் பண்பலை நிலையத்திற்கு மாறியது. பண்பலையின் ஒலி தெளிவானது, ஐயமில்லை. ஆனால் அது நகரத்தின் அலை. தொடுவானத்தைத் தாண்டத் தெரியாதது. வலையில் சேர்ந்த சிறு நிலையங்கள் இடைவெளிகளை நிரப்புகின்றன என்பர். நிரப்பும், அவை உயிரோடு இருக்கும்வரை. இதற்கிடையே மின்கார் செய்யும் நிறுவனங்கள் பல, மத்திய அலைவரிசை வாங்கியையே வண்டியிலிருந்து நீக்கிவிட்டன. ஃபோர்டு நிறுவனமும் அவ்வாறே அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் 2023 மே மாதத்தில் பின்வாங்கியது. அவ்வாங்கி எல்லா வண்டியிலும் இருத்தல் வேண்டும் என்னும் மசோதா அதே ஆண்டில் பேரவைக்கு வந்தது.

இரண்டாவது, இணையம். அலைக்கு இயற்கை வகுத்த எல்லை உண்டு. இணையத்திற்கு எல்லையே இல்லை. எனவே லீக் தானே ஓர் எல்லையை வரைந்தது. அணியின் வட்டாரத்திற்கு அப்பால் இருப்பவர் அந்த வருணனையை இணையத்தில் கேட்க வேண்டுமெனில் கட்டணச் சேவையை நாட வேண்டும். 2022இல் தொடங்கிய என்எஃப்எல் பிளஸ் அத்தகையது. இதிலுள்ள விபரீதத்தைப் பாருங்கள். அரிசோனாவில் வாழும் விஸ்கான்சின் முதியவர் ஒருவர் அணியின் பங்குதாரர். அவ்வணி அவருக்குச் சொந்தம். பத்திரம் சட்டமிட்டுச் சுவரில் தொங்குகிறது. அதன் குரலைக் கேட்கவோ அவர் லீக்கிற்குச் சந்தா செலுத்த வேண்டும்!

மறுப்போர் சொல்வன சில உண்டு. வானொலியும் வியாபாரந்தானே, மதுவுக்கும் பந்தயச் சூதுக்கும் விளம்பரம் செய்வதுதானே என்பார் உளர். அவர்தம் கூற்று உண்மையே. சூதாட்ட விளம்பரம் எனக்கும் உவப்பன்று. ஆனால் விளம்பரம் கேட்பது ஒன்று, வாயிலில் காசு கேட்பது மற்றொன்று. விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்ட ஏழைக்கு ஆட்டம் கிடைக்கிறது; சந்தா இல்லாத ஏழைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. இன்னும் சிலர், எல்லாரிடமும் கைப்பேசி இருக்கையில் வானொலி எதற்கு என்கிறார்கள். அவர்கள் விஸ்கான்சினின் வடபகுதிக் காடுகளுக்கு நவம்பர் பிற்பகுதியில் செல்வார்களாக. ஒன்பது நாள் மான் வேட்டைப் பருவம் அது. கைப்பேசிக்கு அலை எட்டாத குடிலில், மின்கலத்தில் இயங்கும் சிறு பெட்டியைச் சுற்றி வேட்டைக்காரர் அமர்ந்திருப்பர். பால் கறக்கும் வேளையைத் தள்ளிப்போட இயலாத உழவர் தொழுவத்தில் கேட்கிறார். பனிச்சாலையில் பாரவண்டி ஓட்டுபவர் திரையைப் பார்க்கலாகாது; கேட்கலாம். பார்வையற்றோர்க்கோ திரை எத்தனை அங்குலமாயினும் ஒன்றே. படம் இருக்கும் தைரியத்தில் தொலைக்காட்சி வருணனையாளர் பாதியை விழுங்கிவிடுவார். பந்து எந்தக் கோட்டில், யார் கையில், காற்று எந்தத் திசையில் என்று வானொலிக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லியாக வேண்டும். கண்ணாகி நிற்பது அவர் தொழில்.

லீக்கின் வாதமும் ஒன்றுண்டு. ஒரு நிலையம் தன் வட்டாரத்திற்கெனப் பணம் கொடுத்து உரிமை பெறுகிறது. குரலை எங்கும் திறந்துவிட்டால் அந்நிலையத்தின் மதிப்புக் குறையும் என்பது அது. சிறு நிலையத்தின் பிழைப்பு எனக்கும் கவலையே. ஆனால் அரிசோனாவிலிருந்து கேட்பவரால் விஸ்கான்சின் சிற்றூர் நிலையம் இழக்கும் கேட்பவர் எத்தனை பேர்? ஒருவருமில்லை. சந்தாவின் காசும் அந்நிலையத்திற்குப் போவதில்லை. லீக்கின் பெட்டிக்கே போகிறது. 2023 முதல் 11 ஆண்டுகளுக்கு 10,000 கோடி டாலருக்கும் மேலான தொலைக்காட்சி ஒப்பந்தங்களைக் கையில் வைத்திருக்கும் லீக்கிற்கு, இந்தக் குரலையும் அளந்து விற்க வேண்டிய வறுமை எங்கிருந்து வந்தது?

மற்ற அணிகளின் உரிமையாளரிடம் இதைக் கேட்டுப் பயனில்லை. அவர்கள் கணக்குப் புத்தகத்தைக் காட்டுவர். பேக்கர்ஸ் அணியிடம் கேட்கலாம். வானொலி ஒப்பந்தத்தை எழுதுவது அந்த அணியே. மாநிலத்தின் எந்த மாவட்டமும் மத்திய அலைவரிசையில் குரலின்றிப் போகலாகாது, பங்குதாரர் எங்கிருந்தாலும் கட்டணமின்றிக் கேட்க லீக்கிடம் வாதாடிப் பெறுவோம் என்று இரு நிபந்தனைகளை அடுத்த ஒப்பந்தத்திற்கு முன் நிர்வாகம் ஏற்கலாம். ஆண்டுதோறும் ஜூலையில் லாம்போ களத்தில் பங்குதாரர் கூட்டம் கூடுகிறது. வரவு செலவு வாசிக்கப்படும்; ஆட்டக்காரர்களைப் பற்றிய பேச்சும் எழும். அங்கே எழுந்து நின்று வானொலியைப் பற்றிக் கேட்க ஒரே ஒரு பங்கு இருந்தால் போதும்.